அச்சும் சுமையும்

திருக்குறளின் நாற்பத்தெட்டாம் அதிகாரமாகிய வலியறிதலில் ஐந்தாவதாக நிற்கும் குறளில் ஒரு வண்டி வருகின்றது. அவ்வண்டியில் ஏற்றிய பண்டம் மயிற்பீலி. பீலியினும் நொய்ய பொருளைத் தேடிக் காண்டல் அரிது. ஆயினும் அளவு கடந்து ஏற்றின் அதனைத் தாங்கும் வண்டியின் அச்சும் முறியும் என்கின்றார் வள்ளுவர். பரிமேலழகர் இதனைப் பிறிதுமொழிதல் என்னும் அணியாகக் கொண்டு, எளியர் என்று பலரோடும் பகைகொள்ளும் அரசன், அவர் ஒருங்கு திரண்டவழித் தன் வலி அழிவான் என்று கருத்துரைப்பர். வகுப்பறையில் யாமும் அரசனைப் பற்றியே பேசி, அணியின் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, வண்டியைத் தெருவிலேயே விட்டுவிடுகின்றோம். அவ்வண்டியைப் பற்றியே இக்கட்டுரையிற் சில கூற விரும்புகின்றேன்.

வண்டியின் பாரத்தைப் பற்றி நம் முன்னோர் நுணுகி அறிந்திருந்தனர் என்பதற்குப் புறநானூற்றின் 102-ஆம் பாட்டும் சான்றாகும். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுமிடத்து ஔவையார் உப்பு வணிகராகிய உமணரின் வண்டியைக் காட்டுகின்றார். அதிற் பூட்டிய எருதுகள் இளையன, நுகத்திற் பழகாதன. ஏற்றிய பண்டமோ பெரிது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் யாது நேருமென்று யாரறிவார் என எண்ணிய உமணர், வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுவர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மிகைபாரம் ஏற்றினால் அச்சு முறியலாம் என்பதை அவர் அறிந்தே ஏற்றினர். முறிந்தால் மாற்றுவதற்கு வழியும் செய்துகொண்டனர். எருதுபூட்டிய வண்டி முறியின் நின்றுவிடும். அதனால் வரும் கேடும் பெரும்பாலும் வண்டியோடு நின்றுவிடும்.

அன்றியும், எருது உயிருள்ளது. பாரம் மிகுந்தால் மூச்சு வாங்கும், கழுத்தைச் சாய்க்கும், அடியாதபடி படுத்தும் விடும். வண்டிக்காரனுக்கு அதுவே எடைமேடை. மோட்டார் வண்டி படுப்பதில்லை. முக்கால் டன் ஏற்றவேண்டிய வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினாலும், எஞ்சின் சற்று முனகிக்கொண்டே இழுத்துச் செல்லும். நேர்வழியில், சமதரையில், மிதமான வேகத்தில் செல்லுமளவும் ஓட்டுபவர்க்கு யாதொரு வேறுபாடும் தோன்றாது. வேறுபாடு தோன்றுமிடங்கள் மூன்று: நிறுத்துமிடம், திரும்புமிடம், குழியில் இறங்குமிடம். அவ்விடங்களில் தோன்றியபின் திருத்திக்கொள்வதற்குப் பொழுது இராது.

இனி, ஒரு வண்டிக்கு எவ்வளவு பாரம் தகும் என்பதை அறிவது எப்படி? கப்பல்களுக்கு இதற்கென ஒரு கோடு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சில கப்பலுடையார் பழங்கலங்களை மிகைபாரத்தோடும் மிகுந்த இன்ஷியூரன்சோடும் கடலுக்கு அனுப்பினர். கலம் கரை சேர்ந்தால் கூலி; மூழ்கினால் காப்புத்தொகை; மாலுமிகளுக்கு மட்டும் இரண்டாவது வழியில் யாதும் இல்லை. அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று மக்கள் அழைத்தனர். பாராளுமன்ற உறுப்பினராகிய சாமுவேல் பிளிம்சால் 1873-இல் இதனைக் கண்டித்து நூலொன்று வெளியிட்டுப் போராடினார். 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு இடுதல் கட்டாயமாயிற்று. ஆனால் கோட்டை எங்கே இடுவது என்பதைக் கப்பலுடையாரிடமே விட்டுவிட்டனர்! அக்குறை 1890-இல் தான் நீங்கியது. இன்றும் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வரும் கப்பலின் பக்கத்தில் அக்கோட்டைக் காணலாம். நீர் கோட்டுக்கு மேலேறினால் கலத்தில் பாரம் மிகை என்பதைக் கரையில் நிற்கும் சிறுவனும் அறிவான்.

வண்டிக்கு அத்தகைய கோடு இல்லை; எண் உண்டு. பதிவுச் சான்றாகிய ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று பாரத்தோடு சேர்ந்து வண்டி அடையக்கூடிய உச்ச எடை. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருவது ஏற்றத்தகும் பாரம். அப்பாரத்தில் ஓட்டுநரும், உடன் செல்வோரும், வண்டியின்மேற் பின்னர்ப் பொருத்திய இரும்புச் சட்டமும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுவர். லாரியின் பக்கத்தில் இவ்வெண்கள் வண்ணத்தில் எழுதப்பட்டிருப்பதை யாவரும் கண்டிருப்போம், படித்திருப்போர் சிலரே.

எண்ணைப் படியாதவர் வேறெதனைக் கொண்டு அளக்கின்றனர் எனின், கண்ணைக் கொண்டு. பெட்டியில் இடம் இருக்கின்றதா, ஏற்று; நிரம்பிவிட்டதா, நிறுத்து. இதுவே எங்கும் வழங்கும் கணக்கு. நம் ஊர்களில் குட்டி யானை என்று செல்லப்பெயர் பெற்ற சிறு சரக்குவண்டியை எடுத்துக்கொள்வோம். 2005-இல் டாட்டா ஏஸ் என்னும் பெயரோடு அவ்வினம் வெளிவந்தபோது அதன் பாரம் ஏறத்தாழ முக்கால் டன். ஏழடி நீளமும் நாலரையடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பெட்டி ஒன்றை அத்தகைய வண்டியில் உள்ளதாகக் கொள்வோம். அதன் கொள்ளளவு முப்பத்தொன்றரைக் கன அடி; அஃதாவது ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்பெட்டியில் வைக்கோலை ஆள் உயரம் அடுக்கினாலும் பாரம் குறைவே. விளிம்பு மட்டத்திற்கு உலர்ந்த மணலைக் கொட்டினால், கன மீட்டருக்கு 1.6 டன் என்ற கணக்கில், 1.4 டன் ஆகிவிடும். ஒரு பிடி மணலும் விளிம்புக்கு மேல் இல்லை. கண்ணுக்கு வண்டி அடக்கமாகவே தோன்றும். பாரமோ ஏறக்குறைய இரு மடங்கு. மணல் ஈரமாயின் இன்னும் மிகும். கருங்கல்லோ கன மீட்டருக்கு 2.6 டன்னுக்குக் குறையாது.

வைக்கோற் போர் ஏற்றிய வண்டியைக் கண்டு "அப்பா, எவ்வளவு பாரம்!" என்று வியக்கும் நாம், தரையோடு பரவிய ஓடுகளை ஏற்றிய வண்டியைக் கண்டு யாதும் கூறுவதில்லை. (வைக்கோல் வண்டிக்கு வேறு இடர் உண்டு, அதனைப் பின்னர்க் கூறுவேன்.)

பாரம் மிகுந்த வண்டிக்குள் நிகழ்வன யாவை? முதலில் ஸ்பிரிங்கு. சரக்குவண்டியின் பின்னச்சுக்கு மேல் எஃகுப் பட்டைகள் வில்போல் அடுக்கப்பட்டிருக்கும். பாரம் ஏற ஏற அவ்வில் நிமிர்ந்து தட்டையாகி, வண்டியின் பின்புறம் தாழும். எருது கழுத்தைச் சாய்த்துக் காட்டியதுபோல, மோட்டார் வண்டி நமக்குக் காட்டும் அறிகுறி இஃதொன்றே. ஆனால் நம் பட்டறைகளில் இதற்கொரு மருத்துவம் உண்டு: கூடுதலாக ஒரு பட்டை போடுதல். அதனைப் போட்டபின் எவ்வளவு ஏற்றினாலும் வண்டி தாழாது. உரிமையாளரும் வண்டிக்கு வலிமை பெருகிவிட்டதென்று மகிழ்வார். உண்மையில் அச்சு பழைய அச்சே. சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கு பழையதே. டயரும் பிரேக்கும் பழையனவே. பெருகியது ஸ்பிரிங்கின் விறைப்பு ஒன்றே. நோயாளியின் முனகல் கேளாதபடி வாயைக் கட்டியதற்கு இதனை ஒப்பிடலாம்.

அடுத்தது டயர். டயரின் பக்கத்தில் அளவைக் குறிக்கும் எண்களுக்குப் பின் ஒரு சிற்றெண் இருக்கும். அது 82 ஆயின் அந்த ஒரு டயர் 475 கிலோவும், 91 ஆயின் 615 கிலோவும் தாங்கும் என்பது உலகெங்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட குறியீடு. ஒருமுறை தாங்கிவிட்டால் போதாது. ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் மடங்கி நிமிர வேண்டும். பாரம் மிகுந்தாலும் காற்றுக் குறைந்தாலும் மடிப்பு ஆழமாகும். மடிப்பு ஆழமாக ஆக உட்சூடு ஏறும். சித்திரை மாதத்து நண்பகலில் தார்ச்சாலை தன் பங்கிற்குச் சூட்டைச் சேர்க்கும். இழைகளோடு ரப்பர் பிடிப்பற்று ஒரு கணத்தில் டயர் வெடித்துவிடும். ஆணி குத்தியது என்பர். ஆணியைத் தேடினால் கிடைக்காது.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். விடுதியில் என் அறையில் உறையும் இயற்பியல் மாணவர் ஒருவர், வண்டி நிற்கும் தூரம் எடையைப் பொறுத்ததன்று என்று வாதிட்டார். எடை இருமடங்கானால் சக்கரத்திற்கும் தரைக்கும் உள்ள உராய்வும் இருமடங்காகும். ஆதலின் கணக்கில் எடை அடிபட்டுப்போகும் என்பது அவர் கூற்று. ஏட்டளவில் அது சரியே. ஆனால் தரை பிடித்து நிறுத்துவதற்கு முன் பிரேக்கு சக்கரத்தைப் பிடிக்கவேண்டும் அல்லவா? அப்பிடியின் வலி வண்டியின் குறித்த எடைக்கென்று அளந்து அமைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட எடையில், காலால் எவ்வளவு மிதித்தாலும், வேண்டிய பிடி கிட்டாது. நண்பரும் இதனை ஒத்துக்கொண்டார்.

மேலும் பிரேக்கு ஓடும் வண்டியின் ஆற்றலை அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகின்றது. மலைப்பாதையில் இதன் கணக்கு அஞ்சத்தக்கது. கொல்லிமலையிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ அடிவாரத்திற்கு ஆயிரம் மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். மிகையாக ஏற்றிய ஒவ்வொரு டன்னும் அவ்விறக்கத்தில் வெளியிடும் ஆற்றல், முப்பது லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் ஒரு பகுதியைச் சிறு கியரில் இறங்கும் எஞ்சின் வாங்கிக்கொள்ளும். எஞ்சியது முழுதும் நாலு சக்கரங்களின் பிரேக்குகளிற் சென்று சேரும். உராயும் கட்டைகள் சூடேறினால் பிடி தளரும். பிரேக்கின் குழாயில் உள்ள எண்ணெயும் சூடேறும். வழக்கத்தில் உள்ள மூன்றாந்தர எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை வரை கொதியாது என்பது விதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழையதானபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். எண்ணெய் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதிகட்டை தரைவரை தாழும். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும்.

இதனை யான் நூலிற் கற்பதற்கு முன்னரே வீட்டிற் கற்றேன். என் தந்தையார் சிறு சரக்குவண்டி ஒன்றுக்கு உரிமையாளரும் ஓட்டுநரும் ஆவர். 2019-ஆம் ஆண்டில் யான் எட்டாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சிமெண்டுக் கடையொன்றில் அவர் பதினைந்து மூட்டை ஏற்றியதும் போதுமென்றார். மூட்டை ஒன்றுக்கு ஐம்பது கிலோவாக அதுவே முக்கால் டன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பாதிப் பெட்டி காலியாகக் கிடக்கிறதே தம்பி! இன்னொரு பதினைந்து போட்டால் ஒரே நடையில் முடிந்துவிடும். இரண்டு நடைக்கு யார் கூலி கொடுப்பார்?" என்றார். அது புதிதன்று, வாரத்தில் நாலு நாள் நிகழ்வதே. தந்தையாரும் "சரி, அண்ணாச்சி" என்றார். முப்பது மூட்டை ஏறிற்று. எங்கள் தெருவினரும், யான் மாமா என்று அழைப்பவரும் ஆகிய சுமைதூக்கும் தொழிலாளர் மூட்டைகளின்மேல் அமர்ந்துகொண்டார்.

வழியில் நீண்ட இறக்கம் ஒன்றுண்டு. அதன் முடிவில் ரயில்வே கேட்டு. இறக்கம் முழுதும் தந்தையார் பிரேக்கின்மேல் கால் வைத்தபடியே வந்தார். கேட்டு மூடியிருந்தது; அதன்முன் ஒரு பேருந்தும் சில சைக்கிள்களும் நின்றன. அவர் மிதித்தபோது கட்டை பஞ்சுபோல் தாழ்ந்தது என்று பின்னர்க் கூறினார். இடப்புறம் நீரற்ற ஓடை இருந்தது. அதில் வண்டியைத் திருப்பினார். பேருந்தில் இருந்தோருக்கு யாதும் நேரவில்லை. தந்தையாருக்கு மணிக்கட்டு முறிந்தது. மாமா தூக்கியெறியப்பட்டு விழுந்தார். மூட்டைகள் அவர் காலின்மேல் விழுந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு ஈரிடத்தில் முறிந்தது. ஏழு மாதம் படுத்திருந்தார். இன்று நடக்கின்றார், சுமை தூக்குவதில்லை.

அன்றைய கணக்கை யான் பின்னர்ப் போட்டுப் பார்த்தேன். வெறும் வண்டி சுமார் 800 கிலோ, சிமெண்டு 1500, ஆட்கள் இருவர் 130. ஆக 2430 கிலோ. வண்டிக்கு விதித்த உச்ச எடை 1550. பிரேக்குகள் தமக்குரிய வேலையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட வேலையைச் செய்யவேண்டியிருந்தன. இத்தகைய நடைகளின் கூலியிலிருந்தே என் பள்ளிச் சம்பளமும் கட்டப்பட்டது என்பதை ஈண்டு மறைத்தல் முறையன்று. ஆதலின் மிகைபாரம் ஏற்றுவோரைப் பேராசைக்காரர் என்று ஒரு சொல்லிற் கூறிவிட என்னால் இயலவில்லை.

நிற்க. திரும்புமிடத்தில் நிகழ்வதை நோக்குவோம். வண்டி கவிழ்வதும் கவிழாமையும் இரண்டு அளவுகளைப் பொறுத்தன: இடச்சக்கரத்திற்கும் வலச்சக்கரத்திற்கும் இடையுள்ள அகலம், எடையின் நடுப்புள்ளி தரையிலிருந்து நிற்கும் உயரம். அகலம் மாறாது, உயரத்தை நாம் ஏற்றுகின்றோம். அகலம் 1.3 மீட்டர், நடுப்புள்ளியின் உயரம் 0.7 மீட்டர் என்று கொண்டால், 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகம்வரை வண்டி கவிழாது எனக் கணக்குக் கூறும். மேலே மேலே அடுக்கி உயரத்தை 1.3 மீட்டர் ஆக்கினால் அவ்வேகம் 31 ஆகிவிடும். ஸ்பிரிங்கு ஒருபக்கம் சாய்வதையும் கட்டிய கயிறு நெகிழ்ந்து சரக்கு சரிவதையும் சேர்த்தால் உண்மையில் இன்னும் குறையும். வைக்கோல் வண்டியின் இடர் இதுவே. எடையளவில் குற்றமற்ற அவ்வண்டி உயரத்தாற் கவிழும். மூட்டைமேல் மனிதர் அமர்வதும் இவ்வகையே. மணவீட்டிற்கும் துக்கவீட்டிற்கும் சரக்குவண்டியில் முப்பது பேர் நின்றபடி செல்வதைக் காண்கின்றோம். வளைவில் அனைவரும் ஒருங்கே ஒருபக்கம் சாய்வர். மூட்டையாவது கயிற்றால் கட்டப்பட்டிருக்கும்.

நீளவாட்டிலும் ஓர் இடர் உண்டு. பின்னச்சுக்கும் பின்னால் வைத்த பாரம் நெம்புகோல்போல் முன்புறத்தைத் தூக்கும். அச்சுகளுக்கு இடையே 2.1 மீட்டர் உள்ள வண்டியில், பின்னச்சுக்கு 0.7 மீட்டர் பின்னால் 300 கிலோ வைத்தால், முன்சக்கரங்களின்மேல் இருந்த பாரத்தில் 100 கிலோ குறைந்துவிடும். வண்டியைத் திருப்புவன முன்சக்கரங்களே. அவை தரையை அழுத்தாவிடின் ஓட்டுநர் வளையத்தைத் திருப்பினும் வண்டி கேளாது. இரவில் விளக்கொளியும் சாலையை விட்டு வானை நோக்கும். எதிரே வருவோரின் கண் கூசும். வீட்டுக் கார்களில் இவ்விடர் மிகுதி. ஊருக்குச் செல்லும் குடும்பத்தார் ஐவர் 325 கிலோ. சிறு கார்கள் பலவற்றின் மொத்தப் பாரமே 400 கிலோ அளவினது. எஞ்சியிருக்கும் 75 கிலோவில் அரிசி மூட்டையும் தேங்காய் மூட்டையும் பின்பெட்டியில் ஏறும். கூரையோ பல கார்களில் 50 முதல் 75 கிலோவே தாங்கும். அதன்மேல் கட்டில் ஏறும்.

சாலைக்கு வரும் கேட்டையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்னும் ஊரருகே 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் அமைத்து, அவற்றின்மேல் லாரிகளை இரவும் பகலும் ஓட்டி ஆராய்ந்தனர். அச்சின் பாரம் இருமடங்கானால் சாலையின் தேய்வு ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்னும் நான்காம் படி விதி அவ்வாராய்ச்சியிற் பிறந்தது. ஐந்தில் ஒரு பங்கு மிகையாக ஏற்றினாலே தேய்வு இருமடங்காகும். இவ்விதி பெருலாரிகளுக்கே பெரிதும் பொருந்தும். சிறு வண்டியின் மிகைபாரம் சாலையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தன்னையும் தன்மேல் இருப்போரையும் எதிரே வருவோரையுமே கெடுக்கும்.

சட்டம் இதனைக் காணாமல் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிற் குறித்த உச்ச எடைக்கு மேல் வண்டியை ஓட்டுவதையும், ஓட்டச் செய்வதையும், ஓட்ட விடுவதையும் ஒருங்கே தடுக்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டம் இருபதினாயிரம் ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் இரண்டாயிரம். மிகைச்சரக்கை இறக்கும் செலவும் குற்றவாளியையே சாரும். எடைபோட மறுத்து ஓடினால் நாற்பதினாயிரம். தண்டத்தைக் கட்டிவிட்டு அதே பாரத்தோடு வழியைத் தொடர்தல் கூடாது, மிகைச்சரக்கை இறக்கிய பின்னரே செல்லவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது.

"ஓட்டச் செய்வோர்" என்னும் சொற்களை அடிக்கோடிட்டுப் படித்தல் வேண்டும் என்பது என் கருத்து. சாலையில் மறிக்கப்படுபவர் ஓட்டுநர். அவர் கையில் ஆர்.சி. புத்தகம் இருக்கின்றது, சரக்குக்குரியவர் கடையில் இருக்கின்றார். கூலி எடைக்கென்று பேசப்படுவதில்லை, நடைக்கென்று பேசப்படுகின்றது. ஆதலின் ஒரே நடையில் எவ்வளவு ஏற்றினாலும் ஊதியம் கடைக்காரருக்கு. டயர்த் தேய்வும் டீசலும் தண்டமும் முறிந்த காலும் வண்டிக்காரருக்கு. "யான் ஏற்றமாட்டேன்" என்று ஒருவர் கூறினால், வங்கித் தவணை கட்டவேண்டிய மற்றொருவர் அதே கடைவாயிலில் வண்டியோடு நிற்கின்றார். தந்தையார் விபத்திற்குப்பின் பதினைந்து மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை. அதனால் அச்சிமெண்டுக் கடை அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. கூடுதலாகப் போட்டிருந்த பட்டையையும் கழற்றிவிட்டார். இப்பொழுது பெரும்பாலும் காய்கறி ஏற்றுகின்றார். வருவாய் முன்போல் இல்லை.

சென்ற ஆண்டு எம் துறையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீடு மாறினார். நூல்களைக் கட்டி ஏற்ற மாணவர் அறுவர் சென்றோம். வந்த வண்டியின் பாரம் முக்கால் டன். ஓட்டுநர் எட்டிப்பார்த்து, "புத்தகந்தானே தம்பி, எல்லாம் காகிதம்! பீரோவையும் சேர்த்து ஒரே நடையில் அடித்துவிடலாம்" என்றார். யான் பத்து நூல்களை எடுத்துத் தெருமுனைப் பழைய காகிதக் கடைத் தராசில் நிறுத்தேன். நாலரைக் கிலோ இருந்தது. நூல்கள் சுமார் 1800. ஆகவே 810 கிலோ. இரும்புப் பீரோ மூன்று, ஒன்று அறுபது கிலோவாக 180. மொத்தம் 990. ஓட்டுநர் கணக்கைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து, "வலியறிதல், ஐந்தாவது" என்று மட்டும் கூறி, இரண்டாம் நடைக்கான கூலியை எடுத்துக் கொடுத்தார். முதல் நடையில் இலக்கணமும் சங்க நூல்களும் சென்றன. பீரோக்களும் அகராதிகளும் மாலையிற் சென்றன.